கை கழன்ற தளபதி, வெளுத்துப்போன படை: மினியேச்சர்களுக்குக் கைவைத்தியம்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்குப் படை சேர்ப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "ஒட்டவே மாட்டேங்குது, என்ன பசை வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "பொம்மை எதில் செய்தது?" பாதிப் பேர் அட்டைப்பெட்டியைத் தேடுவார்கள்.

28 மி.மீ. அளவில் நெப்போலியன் காலப் படை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வரிசையாக நிற்கும் காலாட்கள் பிளாஸ்டிக். குதிரைமேல் வாளை நீட்டிக்கொண்டிருக்கும் தளபதி உலோகம். பின்னால் உள்ள பண்ணைவீடு ரெசின், அதாவது திரவமாக அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக். மூன்றும் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கத்திலிருந்தே வந்திருக்கலாம். இந்தத் தொழில் செய்யும் நிறுவனங்கள் அங்கே அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அந்த வட்டாரத்துக்கு 'ஈயப் பட்டை' என்றே செல்லப்பெயர் உண்டு. ஆனால் மூன்றுக்கும் பசை வேறு, கழுவும் பக்குவம் வேறு, கெட்டுப்போகும் விதமும் வேறு.

எது எது என்று கண்டுபிடிப்பது எளிது. உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரிவது உலோகம். துண்டுகளைக் கோத்துப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு வரும், வெட்டினால் கத்தியில் சுருள் சுருளாகச் சீவும், கீழே போட்டால் டிக்கென்று சத்தம் வரும் என்றால் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். தேய்த்தால் மாவாக உதிரும், மெல்லிய பாகம் பட்டென்று ஒடியும் என்றால் ரெசின். வளைத்தால் வளைந்து, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பினால் பி.வி.சி. வகை. சந்தேகம் தீரவில்லையா, கண்ணுக்குத் தெரியாத அடிப்பாகத்தில் ஒரு சொட்டு பிளாஸ்டிக் சிமெண்ட் (பிளாஸ்டிக் மாடல்களை ஒட்டும் கரைப்பான்) வையுங்கள். பாலிஸ்டைரீன் என்றால் அந்த இடம் இளகி விரலில் பிசுக்கும். மற்றவை கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள். கோளாறு கண்ணில் படும் நாளும் அது உண்டான நாளும் ஒன்றல்ல. இன்று வண்ணம் உரிகிறது என்றால் தப்பு நடந்தது போன வாரம், கழுவாமல் விட்ட அன்றைக்கு. அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு படி பின்னால் போய்த்தான் பார்க்கப் போகிறோம்.

உலோகக் கை ஒட்டுகிறது. மறுநாள் எடுத்தால் கழன்று விழுகிறது

இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் பேரை அழவைத்தது இதுதான். முதலில் செய்யும் தவறு, பசையைக் கூட்டுவது. பெவிக்விக் போன்ற சூப்பர் குளூ எல்லாம் சயனோஅக்ரிலேட். 1942இல் ஈஸ்ட்மன் கோடாக்கில் ஹாரி கூவர் குழுவினர் துப்பாக்கியில் குறிபார்க்கும் கண்ணாடிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது கிடைத்த பொருள் அது. தொட்டதையெல்லாம் பிடித்துக்கொண்டதால் அப்போது ஒதுக்கிவிட்டார்கள். 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. பரப்பில் படிந்திருக்கும் துளி ஈரம் பட்டதும் இறுகத் தொடங்கும். ஆகவே மெல்லிய படலமாக, இரண்டு பரப்பும் நெருங்கி உட்கார்ந்தால் பிடிப்பு அபாரம். குழம்பு மாதிரி ஊற்றினால் ஓரம் இறுகி நடு ஈரமாகவே கிடக்கும். நீங்கள் பிடித்த பிடியை விட்டதும் கை தொங்கும்.

ஆக, முதலில் பசை இல்லாமல் பொருத்திப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினால் இடுக்கில் ஒளி தெரிகிறதா? தெரிந்தால் நடுவில் எங்கோ மேடு இருக்கிறது, அரத்தால் தட்டையாக்குங்கள். வார்ப்பிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு போகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். இரண்டு முகத்திலும் கத்தி முனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். வழுவழுப்பான உலோகத்தில் பசைக்குப் பிடிமானம் கிடையாது. அப்புறம் ஒரு சின்னச் சொட்டு, முப்பது விநாடி ஆடாமல் பிடிப்பு. அவ்வளவுதான்.

இதெல்லாம் செய்தும் விழுகிறதென்றால் கனம்தான் காரணம். சூப்பர் குளூவுக்கு இழுவை தாங்கும், பக்கவாட்டில் விழும் அடி தாங்காது. வாளை நீட்டிய கை, குதிரையின் வால், டிராகனின் இறக்கை எல்லாவற்றுக்கும் உள்ளே கம்பி வைத்தே ஆகவேண்டும்.

கம்பி வைப்பதை நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். தோள்பட்டையின் நடுவில் கத்தி முனையால் ஒரு குழி குத்திக்கொள்வேன், இல்லையென்றால் துளைக்கும் ஊசி வழுக்கி ஓடும். விரலால் திருகும் பின் வைஸில் 1 மி.மீ. ஊசி மாட்டி, அழுத்தாமல், சுற்றுவதை மட்டும் செய்தபடி நாலைந்து மி.மீ. ஆழம் போவேன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஊசியை வெளியே எடுத்துத் தூளைத் தட்ட வேண்டும். பொறுமையிழந்து அழுத்தினால் ஊசி உள்ளேயே ஒடியும், அதை எடுக்க வழியே இல்லை. பிறகு துளையின் வாயில் சிவப்பு வண்ணம் ஒரு பொட்டு வைத்து, ஈரமாக இருக்கும்போதே கையை அது நிற்க வேண்டிய கோணத்தில் ஒருமுறை அழுத்தி எடுப்பேன். கையின் முகத்தில் சிவப்புப் பொட்டு விழுந்திருக்கும். இரண்டாவது துளை அங்கே. நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை ஒரு பக்கம் பசையிட்டுச் செருகி, இறுகியதும் மறுபக்கத் துளைக்குத் தக்க நீளத்தில் நறுக்கி, வெறுமனே பொருத்திப் பார்த்து, கடைசியில் பசை. மணிக்கட்டு போல ஒல்லியான இடத்துக்கு 0.5 மி.மீ. ஊசி போதும்.

மிகப் பெரிய துண்டுகளுக்கு, இரண்டு குழாயாக வரும் அரால்டைட் எபாக்ஸிப் பசையைக் கலந்து கம்பியோடு ஒட்டுங்கள். இறுகும் வரை ரப்பர் பேண்ட் போட்டு வைக்கவேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை.

கோணலாக ஒட்டிவிட்டு, கழற்றவும் முடியவில்லை என்றால் பொம்மையை ஒரு பையில் போட்டு ஃபிரீசரில் சில மணி நேரம் வையுங்கள். குளிரில் சூப்பர் குளூ நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். எடுத்த சூட்டோடு ஒரு திருகு திருகினால் டக்கென்று விடும். ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் தளபதி கிடப்பதைப் பார்த்து வீட்டில் கேள்வி வரும், அது உங்கள் பாடு.

பிளாஸ்டிக் சிமெண்ட் போட்டு இரண்டு நாளாகியும் ஆடுகிறது

பிளாஸ்டிக் சிமெண்ட் உண்மையில் பசையே அல்ல. இரண்டு பரப்பையும் கரைத்து ஒன்றாக்கி, கரைப்பான் ஆவியாகிப் போனபின் ஒரே துண்டாக விட்டுவிடும். அதனால் அது பாலிஸ்டைரீனுக்கு மட்டுமே. ரெசின், உலோகம், பி.வி.சி. மூன்றிலும் மேலே ஈரமாக நின்று காய்ந்து போகும். பாலிஸ்டைரீனாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் ஒட்டும் முகத்தில் வண்ணம் இருக்கிறது. சட்டத்திலேயே வைத்துப் பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சு, அடித்தவர்கள் இதில் மாட்டுவார்கள். வண்ணத்தைச் சுரண்டி வெறும் பிளாஸ்டிக்கைக் காட்டினால் சரியாகிவிடும்.

தண்ணீர் மாதிரி ஓடும் மெல்லிய சிமெண்ட் வைத்திருப்பவர்கள் முதலில் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கோட்டை மூடியிலுள்ள பிரஷ்ஷால் தொடுங்கள். திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தானே உள்ளே ஓடிவிடும்.

பிளாஸ்டிக்கில் என் கைரேகை பதிந்துவிட்டது

விரலுக்கும் பொம்மைக்கும் நடுவில் சிமெண்ட் ஓடியிருக்கிறது. இப்போது துடைக்காதீர்கள், தேய்த்தால் மூக்கும் பொத்தானும் சேர்ந்து வழியும். ஒருநாள் முழுக்கத் தொடாமல் விட்டு, கல்லாக இறுகியதும் கத்தியின் முதுகால் சுரண்டி, மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள். முகத்திலேயே பதிந்துவிட்டால் அந்தத் தலையை வெட்டி வேறு தலை வையுங்கள். பிளாஸ்டிக் பெட்டிகளில் பெரும்பாலும் உபரித் தலைகள் இருக்கும்.

ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது

சூப்பர் குளூவின் ஆவி மேலெழுந்து, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அக்கம்பக்கத்தில் படிவது இது. காற்றில் ஈரம் எவ்வளவோ அவ்வளவு பூக்கும். கடலோர ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பசையைக் குறையுங்கள், இறுகும் நேரத்தில் மின்விசிறியைச் சற்று எட்ட வைத்து ஓடவிடுங்கள், மூடிய டப்பாவுக்குள் வைக்காதீர்கள். பிரைமர் அடிக்கப் போகும் பொம்மை என்றால் இதைப் பற்றிக் கவலையே வேண்டாம், பிரஷ்ஷால் தட்டிவிட்டு மேலே அடியுங்கள். விமானக் கண்ணாடி போன்ற தெளிந்த பிளாஸ்டிக்குக்கு மட்டும் சூப்பர் குளூவைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். அதற்குப் பெவிகால் போதும்.

ஒரு எச்சரிக்கை: வழிந்த சூப்பர் குளூவைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ ஒத்தி எடுக்காதீர்கள். பருத்தியோடு சேர்ந்தால் அது வேகமாக இறுகி விரல் சுடும் அளவுக்குச் சூடேறும், புகையும் வரும்.

இணைப்பில் பிளவு தெரிகிறது

மயிரிழைப் பிளவு என்றால் பிளாஸ்டிக்குக்கு வீட்டுத் தயாரிப்பு ஒன்று இருக்கிறது. மிச்சமான சட்டத் துண்டுகளைப் பொடியாக நறுக்கி, பாதி காலியான சிமெண்ட் குப்பியில் போட்டு ஓரிரவு விடுங்கள். தோசை மாவு பதத்துக்கு வந்ததும் பிளவில் பூசி, காய்ந்தபின் தேய்த்துவிடுங்கள். அதுவும் அதே பிளாஸ்டிக்தான், கோடே தெரியாது.

உலோகத்துக்கும் ரெசினுக்கும் எபாக்ஸி மாவு, இரண்டு பகுதியைச் சேர்த்துப் பிசைந்தால் இறுகும் வகை. பச்சை நிற மாவும், வேல்ஸில் செய்யும் மில்லிபுட்டும் கிடைத்தால் நல்லது. கிடைக்காத ஊரில் எம்-சீல் பீடத்துக்கும் பாறைக்கும் தாராளமாகப் போதும். சட்டை மடிப்பு, முடி போன்ற நுணுக்கத்துக்குத்தான் அது கொஞ்சம் முரடு. விரலையும் கருவியையும் தண்ணீரில் தொட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

அவசரத்துக்கு: பிளவில் சூப்பர் குளூ, அதன்மேல் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. கண்ணெதிரே கல்லாகிவிடும். புகையை முகத்தில் வாங்காதீர்கள். அந்தக் கல்லைத் தேய்ப்பது சிரமம் என்பதால் தூவும்போதே கஞ்சமாகத் தூவுங்கள்.

ரெசின் ஈட்டி வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறது

அச்சிலிருந்து எடுத்தபோதோ தபாலில் வந்தபோதோ வளைந்திருக்கும். கையால் நிமிர்த்தினால் ஒடியும். கொதித்து இறக்கி, ஆவி சற்று அடங்கிய நீரில் அரை நிமிடம் முக்குங்கள். தளர்ந்ததும் நேராக்கி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். மறுபடி வளைந்தால் மறுபடியும் செய்யலாம்.

உலோக ஈட்டிக்கு இந்த வித்தை செல்லாது. அது ஐந்தாறு முறை வளைந்து நிமிர்ந்தால் ஒருநாள் ஒடிந்தே போகும். நான் உலோக ஈட்டிகளை வெட்டி எறிந்துவிட்டு 0.8 மி.மீ. எஃகுக் கம்பி வைக்கிறேன். ஒரு முனையைச் சுத்தியால் தட்டித் தட்டையாக்கி அரத்தால் கூராக்கினால் ஈட்டிமுனை ரெடி. ஜாக்கிரதை, உண்மையாகவே குத்தும்.

ரெசினை அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தண்ணீர் தொட்டு ஈரமாகவே செய்யுங்கள், முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

வீட்டில் அச்சடித்த பொம்மை பிசுபிசுக்கிறது

ரெசின் பிரிண்டரில் எடுத்தது என்றால் மேலே இறுகாத ரெசின் மிச்சம் இருக்கிறது. கையுறை போட்டுக்கொண்டு புதிய ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் மறுபடி கழுவி, முழுக்கக் காயவிட்டு, அப்புறம்தான் புறஊதா வெளிச்சத்தில் வைக்க வேண்டும். ஈரத்தோடு வைத்தால் பிசுக்கு அப்படியே நின்றுவிடும். உள்ளே குடைவாக அச்சடித்து, வடிதுளை விடாமல் போனவர்களுக்கு வேறு வினை காத்திருக்கிறது. உள்ளே சிக்கிய திரவ ரெசின் வாரக்கணக்கில் அழுத்தம் கொடுத்து, வண்ணமெல்லாம் அடித்து முடித்தபின் பொம்மையின் சுவரைப் பிளந்து வழியும். அதற்கு மேற்பூச்சு மருந்து கிடையாது, துளை போட்டு வடித்து உள்ளேயும் கழுவியாக வேண்டும்.

பிரைமர் முத்து முத்தாகத் திரள்கிறது. காய்ந்த வண்ணம் தோலாக உரிகிறது

இரண்டும் ஒரே நோய். பொம்மை அச்சில் ஒட்டாமல் வர ஒரு வழுக்குப்பொருள் பூசியிருப்பார்கள். அது மேலே இருந்தால் தாமரை இலைத் தண்ணீர்தான். ரெசினில் இது அதிகம், உலோகத்தில் கொஞ்சம், பிளாஸ்டிக்கில் அரிது. வெதுவெதுப்பான நீர், சோப்பு, டூத் பிரஷ், நல்ல அலசல், ஓரிரவு காயல். இவ்வளவு சாதாரண வேலை என்பதால்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். ரெசினைப் பொறுத்தவரை ஒட்டுவதற்கு முன்னாலேயே கழுவிவிடுங்கள், பசைக்கும் அதே வழுக்கல்தான்.

ஏற்கெனவே வண்ணம் அடித்து உரிகிறது என்றால் உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது வீண். மொத்தமாகக் கழற்றுங்கள். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் விட்ட சின்னஞ்சிறு வீரர்களைப் போன்ற மென்பிளாஸ்டிக் பொம்மைகள் தனி ரகம். அவை பாலிஎத்திலீன். சிமெண்ட் கரைக்காது, வண்ணம் நிற்காது, துப்பாக்கி வளைந்தால் வண்ணம் செதிலாகக் கொட்டும். சோப்பில் கழுவி, நீர்த்த பெவிகால் ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் அக்ரிலிக், கடைசியில் மறுபடி ஒரு பெவிகால் பூச்சு. வளைந்து கொடுக்கும் பொம்மைக்கு வளைந்து கொடுக்கும் தோல் வேண்டும்.

பிரைமர் மணல் மாதிரி சொரசொரப்பாகிவிட்டது

துளிகள் பொம்மையை அடையும் முன்பே காற்றில் காய்ந்து தூளாக விழுந்திருக்கின்றன. தூரம் அதிகம், அல்லது வெயில் அதிகம், அல்லது கேனைப் போதுமான அளவு குலுக்கவில்லை. உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியபின் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், பொம்மைக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியும்படி வீச்சு வீச்சாக அடியுங்கள். சொரசொரப்பு லேசாக இருந்தால் விறைப்பான டூத் பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்த்தாலே பாதி போய்விடும். நேர்மாறாக, கிட்ட வைத்து நின்ற இடத்திலேயே அடித்தால் கண்ணும் மீசையும் மூடிப்போகும்.

மூன்று நாளாகியும் பிரைமர் விரலில் ஒட்டுகிறது

வளையும் பி.வி.சி. பொம்மையில் கேன் பிரைமர் அடித்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக்கை இளக்க அதில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பொருளும் ஸ்ப்ரேயின் கரைப்பானும் சேர்ந்து செய்யும் வேலை. எல்லா ஸ்ப்ரேயும் இப்படி இல்லை என்றாலும், இந்த வகைக்குப் பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமரே நிம்மதி. இப்போதைக்கு, மேலே நல்ல அக்ரிலிக் வண்ணம் இரண்டு கோட் பூசிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

தெர்மாகோல் குன்றுக்கு ஸ்ப்ரே அடித்தேன், குன்றைக் காணோம்

கரைந்துவிட்டது. தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான். பெவிகாலில் கறுப்பு வண்ணம் கலந்து முழுக்க மூடிக் காயவைத்தபின் அடித்திருக்க வேண்டும். மிச்சமிருப்பதைக் குண்டு விழுந்த பள்ளமாக வைத்துக்கொள்ளலாம்.

வண்ணம் தடித்துப் பிரஷ் கோடு தெரிகிறது. வெள்ளை சுண்ணாம்படித்த மாதிரி இருக்கிறது

டப்பாவிலிருந்து நேராகப் பூசாதீர்கள். நீர்மோர் பதத்துக்குக் கொண்டுவந்து இரண்டு மூன்று மெல்லிய கோட் கொடுங்கள், முந்தையது காய்ந்தபின் அடுத்தது. பாதி காய்ந்த வண்ணத்தில் மறுபடி பிரஷ் போனால் தோல் கிழிந்து திட்டாகும்.

நம் வீடுகளில் இன்னொரு எதிரி தலைக்குமேல் சுற்றுகிறது. மின்விசிறிக்குக் கீழே தட்டில் வைத்த வண்ணம் ஐந்து நிமிடத்தில் பசையாகிவிடும். நாம் அதையே தொட்டுத் தொட்டுப் பூசிவிட்டு, வண்ணத்தின்மேல் பழி போடுவோம். டிபன் டப்பா மூடியில் நனைத்த டிஷ்யூ விரித்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டால் வண்ணம் மாலை வரை ஈரமாக இருக்கும். இரண்டு மூன்று நாளில் டிஷ்யூவை மாற்றிவிடுங்கள், வாடை வரும்.

வெள்ளையும் மஞ்சளும் எப்போதுமே மூடாது. கறுப்பின்மேல் வெள்ளை பூசிப் போராடுவதைவிட, வெளிர் சாம்பல் பூசி, மேடான இடத்தில் மட்டும் வெள்ளையைத் தொடுங்கள். மஞ்சளுக்கு அடியில் வெளிர் பழுப்போ இளஞ்சிவப்போ வையுங்கள்.

மேட் வண்ணம் பளபளக்கிறதா? பளபளப்பை அடக்கும் தூள் குப்பியின் அடியில் தங்கிவிட்டது. குலுக்குங்கள், ஒரு எஃகுக் குண்டு போட்டுக் குலுக்கினால் இன்னும் நல்லது.

நிழல் வாஷ் காய்ந்ததும் டீக் கறை மாதிரி வளையம்

வாஷ் என்பது நிழல் காட்டப் பூசும் நீர்த்த வண்ணம். பள்ளத்தில் இறங்க வேண்டிய அது சமவெளியில் குட்டையாக நின்று, ஓரத்தில் நிறத்தை ஒதுக்கிவிட்டுக் காய்ந்திருக்கிறது. பூசியவுடன் சுத்தமான ஈரப் பிரஷ்ஷால் அதிகமானதை உறிஞ்சி எடுக்க வேண்டும். காயத் தொடங்கியபின் தொட்டால் கறை இரண்டாகும். வெறும் தண்ணீரில் நீர்க்கச் செய்யாமல் அதற்கான மீடியம் (நிறமில்லாத வண்ணக் கலவை) சேருங்கள். விழுந்துவிட்ட கறையின்மேல் பழைய அடிப்படை நிறத்தை மெல்லிசாகத் திரும்பப் பூசினால் போதும்.

கடைசிக் கோட் மேட் வார்னிஷ் அடித்தேன். படையே பனியில் நின்ற மாதிரி வெளுத்துவிட்டது

இது எனக்கே நடந்தது. ஒரு நவம்பரில், மழை விட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மறுநாள் ஆட்டம் என்ற அவசரத்தில் பால்கனியில் இருபத்து நான்கு காலாட்களை அட்டையில் வரிசையாக நிறுத்தி அடித்தேன். ஒரு மாத இரவு வேலை. நிமிர்ந்து பார்க்கும்போது கருநீலக் கோட்டுகளெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு கோட் அடித்தால் சரியாகும் என்று நினைத்து அடித்தேன். இன்னும் வெளுத்தது.

காரணம் காற்றின் ஈரம். மேட் வார்னிஷில் நுண்ணிய தூள் இருக்கிறது, ஒளியைச் சிதறடித்துப் பளபளப்பைக் கொல்வது அதன் வேலை. கேனைச் சரியாகக் குலுக்காவிட்டாலும், கனமாக அடித்தாலும், ஈரக் காற்றில் அடித்தாலும் படலம் தெளிவாக இறுகாமல் மங்கலாகிவிடும். கடலோர ஊரில் மழைக்காலத்தில் இதற்கு நாள் பார்க்கத்தான் வேண்டும். மதியம், வெயில் அடித்து, காயப்போட்ட துணி ஒரே மூச்சில் உலரும் நாளில் அடியுங்கள். துணி ஈரமாகவே தொங்கும் நாளில் கேனைத் தொடாதீர்கள். எனக்கு ஈரமானியைவிடக் கொடிக்கயிறுதான் நம்பகம்.

வெளுத்ததைக் காப்பாற்ற: முதலில் ஒருநாள் காயவிடுங்கள். பிறகு ஒரு பொம்மையில் மட்டும், பிரஷ்ஷால் பூசும் பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷ் ஒரு கோட் கொடுத்துப் பாருங்கள். தூளுக்கு நடுவிலுள்ள இடைவெளி நிரம்பி, நிறம் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். அது நன்றாகக் காய்ந்தபின் பிரஷ்ஷால் மேட் வார்னிஷ். சிலர் ஆலிவ் எண்ணெயை மிக லேசாகத் தடவித் துடைப்பதும் உண்டு, அதற்கும் நிறம் திரும்பும். என் இருபத்து நான்கில் இருபத்தொன்று பிழைத்தது. மூன்று பேர் பின்வரிசையில் நிற்கிறார்கள்.

அன்றிலிருந்து மழைக்காலத்தில் கேன் வார்னிஷ் கிடையாது என்று வைத்திருக்கிறேன். பிரஷ் வார்னிஷ் நேரம் பிடிக்கும், ஆனால் தூக்கம் கெடாது.

வாள்முனை, மூக்கு, தொப்பிநுனியில் உலோகம் தெரிகிறது

கைபட்டுத் தேய்கிறது. உலோகத்தில் இது அதிகம், கனத்தால் சாய்ந்து விழும் அடியும் பலம். முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் மேட் என்று இரண்டு பூச்சு கொடுங்கள். பளபளப்பு வகை கெட்டியான தோல், மேட் வெறும் தோற்றத்துக்கு. ஆடும்போது பீடத்தைப் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை எதிராளிக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பழைய பொம்மைகளில் வெள்ளைப் பொடி

யாரோ விற்ற பழைய தொகுப்பை வாங்கினால் இதைப் பார்க்கலாம். 1990களில் பெரும்பாலான நிறுவனங்கள் ஈயத்தை விட்டு வெள்ளீயம் அதிகமுள்ள கலவைக்கு மாறின. அதற்கு முந்தையவற்றில் ஈயம் நிறைய இருக்கும். மரப்பெட்டியில், குறிப்பாக ஓக் மரத்தில் மூடிவைத்தால், மரத்திலிருந்து கசியும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கும். அதை ஊதாதீர்கள், உலர்வாகத் தேய்க்காதீர்கள், நஞ்சு. கையுறையோடு, ஈரத்தில் வைத்துச் சுரண்டி, ஈரத் துணியாலேயே துடைத்து, நன்றாகக் காயவைத்து உடனே பிரைமர் பூசுங்கள். பிளாஸ்டிக் அல்லது உலோகப் பெட்டிக்கு, கொஞ்சம் காற்றோட்டத்தோடு மாற்றுங்கள். முகம் ஏற்கெனவே அரித்துப் போயிருந்தால் அது திரும்பாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இவை எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

எதுவும் சரிவரவில்லை, முழுக்கக் கழற்ற வேண்டும்

உலோகம் என்றால் அசிட்டோனில் ஊறப்போடலாம், வண்ணமும் போகும், சூப்பர் குளூவும் விடும். சன்னலைத் திறந்துவையுங்கள், அடுப்பு பக்கம் போகாதீர்கள். அதே அசிட்டோனில் பிளாஸ்டிக் பொம்மையைப் போட்டால் கூழைத்தான் எடுப்பீர்கள்.

பிளாஸ்டிக்குக்குப் பிரிட்டனின் பழைய ஆட்டக்காரர்கள் பயன்படுத்துவது நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கும் டெட்டால். தண்ணீர் கலக்காமல் பொம்மை முங்கும் அளவு ஊற்றி ஒருநாள் விடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். முக்கியமான விஷயம், தேய்த்து முடியும்வரை தண்ணீர் படக்கூடாது. பட்டால் கரைந்த வண்ணம் தார் மாதிரி திரண்டு அப்பிக்கொள்ளும், பிறகு அதைக் கழற்ற இன்னொரு பாட்டில் டெட்டால் வேண்டும். டெட்டாலிலேயே ஒருமுறை அலசிவிட்டுத்தான் சோப்பு நீருக்குப் போக வேண்டும்.

ரெசினை நம்பி ஊறப்போடாதீர்கள், வகைக்கு வகை மாறும். உபரித் துண்டு ஒன்றை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஒரு மணி நேரம் போட்டு, இளகவில்லை என்று பார்த்தபின் பொம்மையைப் போடுங்கள்.

தேய்த்த டூத் பிரஷ்ஷின் காம்பில் கறுப்பு நாடா சுற்றித் தனியே எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டில் அது ஒருமுறை குளியலறைக் குவளைக்கே திரும்பிப் போய்விட்டது.